காற்றுக்கு முதுகு காட்டிய கார்

2016 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஐஸ்லாந்தின் செல்ஃபோஸ் ஊரில், பெயின்ட் உரிந்த நீலக் கார் ஒன்று வாரண்டி சோதனைக்கு வந்தது.

பின்பக்கம் முழுக்க வெறும் தகரம். பின்விளக்குகள் பால்போல வெளுத்திருந்தன. பின்கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை.

சோதிக்கும் ஹெர்டிஸுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கடலோரக் கரிமணல்வெளியில் மணற்புயல் பிடித்துப் பெயின்டை அரித்த கார். குளிர்காலம் தவறாமல் இப்படி வரும்.

கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். புயலா, அந்தப் பக்கமே போகவில்லை, பெயின்ட்தான் மட்டம் என்பார்கள். புயல் என்று ஒப்புக்கொண்டால் வாரண்டி கிடையாது.

தோர்கெல் என்ற இந்தப் பெரியவர் தலைகீழாகப் பேசினார். புயல்தான், சந்தேகமே வேண்டாம் என்றார்.

“வாரண்டி வேண்டாம்னு சொல்றதுக்காக வாரண்டி கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்” என்று ஹெர்டிஸ் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. கார் தன்னுடையதல்ல, மகன் கௌட்டியுடையது என்றார்.

பெயரைக் கேட்டதும் அவள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஜனவரி முழுக்க மீட்புக் குழுவினர் மணல்வெளியில் கோல் ஊன்றித் தேடியது கௌட்டியைத்தான். அவள் கணவனும் தேடப் போயிருந்தான். சாலையோரம் கார் மட்டும்தான் கிடைத்தது.

புயலில் வழி தெரியாமல் காரை விட்டு இறங்கியிருப்பான், திரும்பக் கார் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஊரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். தோர்கெலுக்கு வேண்டியதும் அதுதான். பெயின்டைப் பார்த்தே நடந்ததைச் சொல்லக்கூடிய ஒருவர் வாயால் அது வர வேண்டும்.

ஹெர்டிஸ் காரைச் சுற்றி வந்தாள். மணல் அடித்தது பின்னாலிருந்து மட்டும். அப்படியானால் கார் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறது.

காற்றடிக்கும்போது இங்கே யாரும் அப்படி நிறுத்தி இறங்குவதில்லை. கதவைத் திறந்த மறுகணம் காற்று கையிலிருந்து பிடுங்கி முன்னால் மடக்கிவிடும். கீல் வளையும், மட்கார்டு நசுங்கும். பள்ளிக்கூடம் போகும் முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். சத்தமில்லாமல் திறந்தது.

கீல் நேராக இருந்தது. கதவின் உள்விளிம்பில் பெயின்ட் புதிதுபோலப் பளபளத்தது. ஒரு மணல் கீறல்கூட இல்லை. மற்ற கதவுகளும் அப்படியே.

காற்று அடித்தபோது இந்தக் காரின் கதவை யாரும் திறக்கவில்லை. இறங்கியவன் எல்லாம் அமைதியாக இருந்தபோதே இறங்கி, கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். புயல் வரப்போகிறது என்று அன்று காலையிலிருந்தே வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. தெரிந்தேதான் மணலுக்குள் நடந்திருக்கிறான்.

அவள் நிமிர்ந்தாள். தோர்கெலும் கீலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மணல்வெளியிலிருந்து காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அதைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

“பையனோட அம்மா அல்டா முன்னறையில உக்காந்திருக்கா. அவளுக்கு எதுவும் தெரியாது. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க போய்ச் சொல்லுங்க, காத்து அடிக்கும்போதுதான் பையன் எறங்கினான்னு.”

ஹெர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அல்டா கையுறையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஹெர்டிஸ் வாயைத் திறப்பதற்குள், பட்டறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“காத்துலதான் எறங்கினான்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. கீலை நான் பாத்துட்டேன். அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு.”

அதற்குள் தோர்கெல் உள்ளே வந்துவிட்டார்.

காற்று அடிக்கும்போதுதான் கௌட்டி இறங்கியிருக்கிறான், வழி தெரியாமல் போய்விட்டது என்று ஹெர்டிஸ் இருவரிடமும் சேர்த்துச் சொன்னாள். இருவரும் தலையசைத்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வாரண்டி மறுக்கப்பட்டது. புயல் சேதம் அதில் அடங்காது.