தோற்றம், பொருள், பரவல்

எக்ஸ்போசிதோ.

இன்றைக்கு இது பதினேழாவது பெயர்.

இணையதளத்தில் ஒரு ஸ்பானியக் குடும்பப்பெயருக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று தலைப்பு. தோற்றம், பொருள், பரவல். எங்கிருந்து வந்தது, என்ன அர்த்தம், எந்த ஊரில் எத்தனை பேர். கடலுக்கு அப்பால் யாரோ தங்கள் பூர்வீகத்தைத் தேடுகிறார்கள். அவர்களுக்காகக் கோயம்புத்தூரில் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து அவள் தட்டுகிறாள்.

காலையிலிருந்து எல்லாம் லேசான பெயர்கள். எர்ரேரோ என்றால் கொல்லன். பெரெஸ் என்றால் பேத்ரோவின் மகன். ஒன்று அப்பனைச் சொல்லும், இல்லை தொழிலைச் சொல்லும், அதுவும் இல்லையென்றால் ஊரைச் சொல்லும். பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் முடியும்.

இந்தப் பெயர் மூன்றையும் சொல்லவில்லை.

பொருள்: வெளியே வைக்கப்பட்டது.

அந்தக் காலத்து ஸ்பெயினில் தேவாலய வாசலிலும் மருத்துவமனை வாசலிலும் விட்டுப் போன குழந்தைகளுக்கு வைத்த பெயர்.

அவள் கை நின்றது.

விட்டுப் போனவர்களுக்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. அவர்கள் தங்கள் பழைய பெயரோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

"கண்ணு, நாலு மணிக்கு மூடிருவாங்க. அப்பா அம்மா ஆதார் நம்பரைக் குடுத்துரு."

ஹெச்.ஆர். சுகுணாக்கா. மூன்றாவது முறையாக வந்து நிற்கிறார். இந்த வருடம் கம்பெனி காப்பீட்டில் பெற்றோரையும் சேர்க்கலாம். எல்லோரும் சேர்த்துவிட்டார்கள். அவள் மட்டும்தான் பாக்கி.

"அப்பாவை விட்டாலும் உங்கம்மாவை விட்றாத. அந்த மாங்கா ஊறுகாய்க்கே தனியா ஒரு பாலிசி போடோணும்."

பக்கத்து மேசைகள் சிரித்தன.

அவளும் சிரித்தாள். சிரிக்கத் தெரியும்.

மாதம் ஒரு சனிக்கிழமை சேலத்துக்குப் பேருந்து ஏறுவாள். புதிய பேருந்து நிலையத்தில் இறங்குவாள். அரைக் கிலோ மாங்காய் ஊறுகாய் வாங்குவாள். பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றுவாள். அடுத்த பேருந்தில் திரும்புவாள்.

ஆபீஸில் கேட்டால், அம்மா போட்டது.

சேலத்தில் அரசாங்கமே தொட்டில் வைத்திருந்தது. பெண் பிறந்தால் கொல்லாதீர்கள், இதில் போட்டுவிட்டுப் போங்கள் என்றது.

போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வருடம் அவளோடு சேர்த்து காப்பகத்துக்கு வந்தது பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் ஒரே இன்ஷியல். மா. பதிவேடு எழுதியவருக்குக் கையில் என்ன வந்ததோ அது. பிறகு ஒவ்வொருத்தியாகத் தத்துப் போனார்கள். போனவளுக்கெல்லாம் புது அப்பா, புது இன்ஷியல்.

கடைசியில் அந்த எழுத்து அவளிடம் மட்டும் மிஞ்சியது.

முதல் பட்டதாரி சான்றிதழுக்குப் போன இடத்தில், குடும்பத்தில் வேறு யாரும் பட்டம் வாங்கவில்லையே என்று கேட்டார்கள்.

இல்லை என்றாள்.

அது பொய் இல்லை.

இங்கே சேர்ந்த அன்றைக்குத்தான் பொய் சொன்னாள். மா என்றால் என்ன என்று சுகுணாக்கா கேட்டார். மாணிக்கம் என்று வாயில் வந்தது. அம்மா பேர்? சரோஜா. இரண்டே நொடி. மாணிக்கத்துக்கு மில் வேலை கொடுத்தாள். சரோஜாவுக்கு முட்டிவலி கொடுத்தாள். இரண்டு வருடமாக இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஆதார் எண் மட்டும் இல்லை.

அவள் திரைக்குத் திரும்பினாள். பக்கம் முடியவில்லை. தோற்றத்தின் கீழ் இன்னொரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. 1921இல் ஸ்பெயினில் ஒரு சலுகை வந்தது. எக்ஸ்போசிதோ என்ற பெயர் உள்ளவர்கள் வேறு பெயருக்கு மாறிக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது.

பெரிய மனசு.

ஆனாலும் பல ஆயிரம் பேர் மாற்றவில்லை. இன்றைக்கும் தபால்பெட்டியில், கடைப் பலகையில், கல்லறையில் அதே பெயர்.

ஏன் மாற்றவில்லை என்று எழுத அந்தப் பக்கத்தில் தலைப்பு இல்லை.

மூன்றே முக்கால்.

அவள் காப்பீட்டுப் படிவத்தைத் திறந்தாள். தந்தை: மாணிக்கம். தாய்: சரோஜா. இருவருக்கும் எதிரே ஒரு சிறிய குப்பைத்தொட்டிப் படம். அழுத்தினாள். நீக்கக் காரணம் கேட்டது. மூன்று இருந்தன.

மரணம். விவாகரத்து. தவறான பதிவு.

மரணம் சுலபம். சுகுணாக்கா ஓடிவந்து தோளைப் பிடிப்பார். லீவு தருவார்கள். பூ வாங்கக் காசு சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எல்லோரையும் போல அவளுக்கும் இருந்தார்கள், போய்விட்டார்கள் என்று ஆகும்.

மவுஸின் அம்புக்குறியை அதன்மேல் வைத்தாள்.

வைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கீழே இறக்கினாள்.

தவறான பதிவு. அழுத்தினாள். இன்னொரு முறை அழுத்தினாள்.

அடுத்து எக்ஸ்போசிதோ. பரவல். அட்டவணையில் ஸ்பெயின், அர்ஜென்டினா, மெக்சிகோ என்று இருந்தது. அடியில் ஒரு வரி சேர்த்தாள்.

சேலம், இந்தியா: 1.

ஆதாரம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள்.

அதற்குள் சுகுணாக்கா வந்துவிட்டார். கையில் டீ கிளாஸ். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு பேருமே தவறான பதிவுன்னு காட்டுது கண்ணு. கை தவறிப் பட்டுருச்சா?"

"இல்லைக்கா. தெரிஞ்சுதான் போட்டேன்."

சுகுணாக்கா அவளைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"அப்ப... அந்த ஊறுகா?"

அவள் எக்ஸ்போசிதோ திறந்திருந்த திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

சுகுணாக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டு, டீயைக் கீழே வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். உதடு அசைய, மெதுவாக.

தோற்றம்.

பொருள்.

அவர் மூன்றாவது தலைப்புக்கு வந்து சேரும்வரை அவள் காத்திருந்தாள்.