கிணற்றின் மானம்

கோடையில் நீர்மட்டம் அளக்க ஆட்கள் வந்தார்கள். நாடாவைக் கிணற்றின் அடிவரை இறக்கினால், அது எதுவரை நனைகிறதோ அதுவரை தண்ணீர் என்று கணக்கு.

"மாமா, நாடாவைக் கொஞ்சம் மேலே வரைக்கும் நனைச்சு விடுங்களேன்," என்று தன்னில் குடியிருந்த தவளையிடம் கெஞ்சியது கிணறு. "பக்கத்துக் கிணறு பாக்குது. மானம் போயிடும்."

"உள்ளதைச் சொன்னா என்ன மாப்பிள்ளை? நான் குடியிருக்க வேண்டாமா?"

"ஒரே ஒரு தெளிப்பு, மாமா."

தவளை தெளித்தது. அளந்தவர்கள் பூரித்துப்போய், பக்கத்துக் கிணற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஊருக்கெல்லாம் இதிலிருந்தே இறைத்தார்கள்.

தரை தெரிந்ததும் தவளை முணுமுணுத்துக்கொண்டே வீடு மாறிப் போனது.

"என்னப்பா, எப்படி இருக்கே?" என்று விசாரித்தது பக்கத்துக் கிணறு.

"முன்னைவிட ஆழமா இருக்கேன்," என்றது இது.