பதினொரு குறைகள்

"பதினொரு குறையா!" துவார்த்தே பேனாவை மேஜைமேல் போட்டார். "ஒண்ணு போதாதா, ஹெல்வி? அவங்கதான் ஏற்கெனவே தோத்துட்டாங்களே!"

தோற்றது உண்மைதான். பதினைந்துக்குப் பத்து மதிப்பெண்ணாவது எடுத்தால்தான் ஐரோப்பிய ஆராய்ச்சி நிதிக்கான வரிசையிலேயே நிற்க முடியும். மேஜைமேல் இருந்த விண்ணப்பத்துக்கு நாங்கள் மூவரும் சேர்ந்து கொடுத்தது ஒன்பதரை. இனி காரணம் எழுத வேண்டியதுதான் பாக்கி.

பிரஸ்ஸல்ஸில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஜன்னல் இல்லாத அறை. கதவோரம் எங்கள் பெட்டிகள் தயாராக நின்றன. புகை கக்காத விமானங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல, ஹெல்வியைத் தவிர எல்லோரும் பறந்து வந்திருந்தோம். அவர் மட்டும் பின்லாந்திலிருந்து கப்பலும் ரயிலுமாக இரண்டு நாள் பயணம்.

துவார்த்தே லிஸ்பன்காரர். மூன்றாவது ஆள் நான்; அறிக்கை எழுதும் வேலையும் என் தலையில். கூட்டத்தை நடத்தியவர் நிதி அலுவலகத்து ப்ரோனா.

"பாவம், ஆறே பேர்," என்றார் துவார்த்தே. "எஸ்தோனியாவுல ஏதோ ஒரு தீவு. இது மூணாவது தடவை. இன்னும் ஒரு வருஷம் பார்த்துட்டு பல்கலைக்கழகம் பட்டறையை மூடிடுமாம். அந்தப் படகுக்காரங்க மனசை எதுக்கு நோகடிக்கணும்?"

"விமானம்," என்றார் ஹெல்வி, தலை நிமிராமல்.

"என்ன?"

"படகு இல்ல. கடல் உறைஞ்சு படகு நின்னுபோற மாசங்கள்ல நோயாளியைக் கரைக்குக் கொண்டுவர, மின்சார விமானம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். எவ்வளவு நல்ல மனசு! 'விவரம் போதவில்லை'ன்னு ஒரு வரி. 'அடுத்த முறை வெற்றி பெற வாழ்த்துகள்'னு இன்னொரு வரி. முடிஞ்சது. எனக்கு ஆறு மணிக்கு ஃப்ளைட்."

ப்ரோனா கையைத் தூக்கினார். "வாழ்த்து கூடாது. யோசனையும் கூடாது. 'இப்படிச் செய்யுங்க'ன்னு ஒரு வார்த்தை இருந்தாலும் அறிக்கை திரும்பி வந்துடும். குறை மட்டும்தான் சொல்லலாம்."

"குறைதானே?" ஹெல்வி தாளைப் புரட்டினார். "எழுதிக்கோங்க. மைனஸ் இருபது டிகிரியில் பேட்டரியைச் சோதித்த அளவுகள் இல்லை."

எழுதினேன்.

"ஸ்ட்ரெச்சரை ஏற்றினால் எடை வால் பக்கம் சாயும். ஈடாக மூக்குப் பக்கம் எவ்வளவு எடை வைப்பது என்ற கணக்கு இல்லை."

எழுதினேன்.

"தீவில் ஒரு நர்ஸ் இருப்பதாகப் பத்தொன்பதாம் பக்கம் சொல்கிறது. அவர் குழுவில் இல்லை."

"நர்ஸா? விமானம் கட்டுறதுக்கா?" என்றார் துவார்த்தே.

"நோயாளியை ஏத்தப்போறது நீங்களா?"

துவார்த்தே கடிகாரத்தைப் பார்த்தார். குறைகள் வந்துகொண்டே இருந்தன.

"ஆறாவது. முப்பத்தொன்றாம் பக்கத்துப் படம் மூன்றாம் பக்கத்தில் இல்லை."

துவார்த்தே சிரித்தே விட்டார். "இதெல்லாம் ஒரு குறையா? என் சட்டை உடம்புல இருக்கு, அலமாரியில இல்லைங்கிற மாதிரி!"

"குறைதான். ஏழாவது..."

"அம்மா தாயே, உங்களுக்கு இரக்கமே கிடையாதா?"

"இருக்கு. ஏழாவது."

எனக்கும் கசந்தது. விழுந்து கிடப்பவரை எண்ணி எண்ணி அடிப்பது போலிருந்தது. ஏரிகள் நிறைந்த நாட்டில் பிறந்த பெண்ணுக்குள் இவ்வளவு வறட்சியா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது குறையில் துவார்த்தே எழுந்தார். "மிச்சத்தை நீங்களே அடிங்க. அந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேண்டாம்." கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்.

ப்ரோனா பதினொன்றையும் இரண்டு முறை படித்தார். "யோசனைன்னு ஒரு வார்த்தைகூட இல்ல. விதிப்படி சரி."

ஹெல்வியின் ரயில் போயே போய்விட்டது. அடுத்தது மறுநாள் காலையில்தான்.

மறு வருடம். அதே அறை, அதே நாங்கள். அந்த விண்ணப்பமும் நான்காம் முறையாக வந்திருந்தது.

"அடேயப்பா!" துவார்த்தேயின் குரல் அறையை நிறைத்தது. "மூணாம் பக்கத்துலயே படம்! பேட்டரியை மைனஸ் இருபதுல வச்சுப் பார்த்திருக்காங்க. குழுவுல ஒரு நர்ஸ் வேற! என்ன மூளை பாருங்க. நல்ல குழுன்னு நான் அப்பவே சொல்லலை?"

பதினான்கரை. வரிசையில் முதலிடம். எஸ்தோனியாவில் அந்தப் பட்டறை இனி மூடப்படாது. ப்ரோனாவே சிரித்தார்.

"ஒரு குறை இருக்கு," என்றார் ஹெல்வி.

"ஆரம்பிச்சிட்டாங்க!"

"கடைசிப் பக்கம், கடைசி வரி. தேவையே இல்லை. எடுத்திருக்கணும்."

புரட்டினேன். உரக்கப் படித்தேன்.

"போன முறை, எங்கள் விமானம் பறப்பதற்கான வழியைப் பதினொரு குறைகளாக எழுதி அனுப்பிய, பெயர் தெரியாத அந்தக் கோபக்காரருக்கு நன்றி."

ஹெல்வி பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

துவார்த்தே நெஞ்சில் கை வைத்து, லேசாகக் குனிந்தார்.

"இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி? நம்ம கடமையைத்தானே செஞ்சோம்!"