கும்பிடுபூச்சியும் பூதக்கண்ணாடியும்

போன வருஷம் கல்லறைத் திருநாளன்று, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சலேத்மேரி அக்கா எனக்குச் சொன்ன கதை இது.

பொட்டல் காட்டில் பூச்சிகளைப் பார்த்துப் பேர் கண்டுபிடிக்கும் ஒருவர் கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. உச்சி வெயிலில், உடைமரக் குச்சியில் ஒரு கும்பிடுபூச்சியைக் கண்டதும் கண்ணாடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஆடாம இரு தாயி. கும்பிடுபூச்சியில நீ எந்த வகைன்னு உன் பேரைக் கண்டுபிடிச்சிடறேன்," என்றது கண்ணாடி.

"சுடுது சாமி," என்றது பூச்சி.

"வெயில்னா சுடத்தான் செய்யும். மத்ததெல்லாம் என்னைக் கண்டாலே ஓடிடுது. நீதான் பக்தியா கும்பிட்டுக்கிட்டு நிக்கிறே. பேர் தெரிஞ்சா உனக்குத்தானே பெருமை?"

"பேர் எனக்கெதுக்கு? என் வயித்துக்குக் கீழே முட்டை இருக்கு. நான் எங்கே ஓட?"

பூச்சியின் முதுகில் ஊசிமுனை போல ஒரு வெளிச்சம் நின்றது. அந்த இடம் புகைய ஆரம்பித்தது. வெயில் தன் வழியாகத்தான் அங்கே குவிகிறது என்று கண்ணாடிக்கு அப்போதுதான் தெரிந்தது. கையை விலக்கச் சொன்னால் மனுஷனுக்குக் கேட்காது. கண்ணாடி தானே அவர் விரல்களிலிருந்து நழுவி, கல்லில் விழுந்து உடைந்தது.

பூச்சி முட்டைகளை விட்டு நகராமல் கும்பிட்டபடியே நின்றது. அதன் பேர் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

நீங்கள் பூச்சி பார்க்கப் போனால், உங்கள் நிழல் அதன்மேல் விழும்படி கொஞ்சம் நின்றுகொள்ளுங்கள்.