மருந்துக்குக்கூடக் கிடையாது

வாடகைக்கு வீடு பார்க்க வந்த பெண், படுக்கையறைச் சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தாள். புதுப் பெயின்ட் வாசனை. வீட்டுக்காரர் அவசரமாக ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"இங்க மழைத்தண்ணி ஒழுகுமாமே சார்?"

"யாரும்மா சொன்னது? பொட்டுத் தண்ணி இறங்காது!"

"சுவரெல்லாம் பாசி படருமாமே?"

"பாசியா? மருந்துக்குக்கூடக் கிடையாது!"

அவள் முகம் தொங்கிப்போனது. "அப்ப எனக்கு இந்த வீடு வேண்டாம் சார்."

"ஏம்மா?"

"வீட்டுக்குள்ள ஈரத்துல பாசி எப்படிப் பிழைக்குதுன்னுதான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்றேன். முன்னாடி இங்க குடியிருந்தவர் இந்தச் சுவரைத் திட்டித் தீர்த்தார். அதைக் கேட்டுத்தான் ஆசையா ஓடி வந்தேன்."

வீட்டுக்காரர் பாய்ந்து போய் வாசலை மறித்தார்.

"கவலைப்படாதேம்மா! பெயின்ட் சும்மா மேலாப்புல அடிச்சதுதான். ஒரு மழை பெய்யட்டும், எல்லாம் பழையபடி வந்துடும்!"