எட்டு அட்டைகள்

தேர்தல் கூட்டத்தில் 'போர் வேண்டாம்' என்று அட்டை பிடித்து நின்ற தையல்காரம்மாவையும் ஏழு பெண்களையும் காவல் நிலையத்துக்கு அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"நாட்டுப்பற்றே கிடையாதாம்மா உங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கறதாலதான் நம்ம பிள்ளைங்க சாகக் கூடாதுன்னு சொல்றோம்" என்றார் தையல்காரம்மா.

மேடையில் போர் முழக்கம் செய்துகொண்டிருந்த வேட்பாளரே அப்போது பதறியடித்து உள்ளே வந்து தையல்காரம்மாவின் கையைப் பிடித்தார். "அம்மா! வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "இவர் உங்க மகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பேனே!"

"அதனாலதான் சொல்லல. இவன் அம்மான்னு என்னை விட வேண்டாம். அட்டை பிடிக்கறது குத்தமில்லைன்னு எல்லாரையும் விடுங்க."

வழக்குப் போட ஒரு சட்டப் பிரிவும் சிக்காமல், இன்ஸ்பெக்டர் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்.

மகன் ஒதுங்கி வழிவிட்டார். எட்டுப் பேரும் அட்டைகளை உயர்த்திக்கொண்டு நேரே கூட்டத்துக்கே நடந்தார்கள்.