பிரகாசியின் கேள்விகள்

துறைமுகத்தில் கப்பல்களின் அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுவது என் வேலை. கழுத்தில் செவுள் வைத்த பிறகு காற்றுக் குடுவை கிடையாது. காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் கரை. கரையேறியதும் செவுள் மூடிக்கொள்ளும். ஆனால் அசந்து உட்கார்ந்தால் நெஞ்சு மூச்சிழுக்க மறந்துவிடும். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இந்தத் தொல்லை உண்டு. எனக்கு மட்டும் இல்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

என் பெண்டாட்டி பிரகாசி முன்பெல்லாம் அதிகம் பேசமாட்டாள். இப்போது நான் சுவரில் சாய்ந்தால் போதும், கேள்விதான். பதில் வரும்வரை விடமாட்டாள்.

நேற்று கத்திவிட்டேன்.

"ஏட்டி, கொஞ்ச நேரம் வாயை மூடேன்!"

"இனி ஒங்ககிட்ட பேசுனா ஏன்னு கேளுங்க."

அடுப்படிக்குப் போய்விட்டாள். வீடு அடங்கியது. சுகமாகக் கண்ணை மூடினேன். கடலுக்கடியில் கிடப்பதுபோலவே இருந்தது.

தோளைப் பிடித்து உலுக்கினாள் பிரகாசி. கண் கலங்கியிருந்தது.

"என்ன குழம்பு வைக்க? வாயத் தொறந்து சொல்லுங்க!"

சொல்ல வாயைத் திறந்ததும் காற்று சடாரென்று நெஞ்சுக்குள் புகுந்தது. இத்தனை நாள் அவள் கேட்ட கேள்வியெல்லாம் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

"பேசமாட்டேன்னியேட்டி?"

"பேசல. கேக்கேன்."

சாளைமீன் என்று ஒரே வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை. மாங்காய் போடலாமா, தேங்காயை எப்படி அரைக்கலாம் என்று நீட்டிக்கொண்டே போனேன். அவள் குறுக்கே பேசாமல், என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.